விதி என்று மூடிவைக்கலாமா?

“ஈடிபஸ் படித்தோம். தகப்பனைக் கொல்வான், தாயை மணப்பான் என்று முன்பே குறி சொல்லிவிட்டார்களாம், அப்படியே நடந்ததாம். தலையெழுத்தை எதிர்ப்பவர்கள் நாம். கிரேக்கச் சோக நாடகங்களை இன்னும் படிக்கத்தான் வேண்டுமா?” கடலூர்த் தோழர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. படிக்கவேண்டும் என்கிறோம் நாம்!

குறி சொன்னது நாடகம் தொடங்குமுன்பே முடிந்த கதை. மேடையில் நடப்பதோ விசாரணை! நகரைக் கொள்ளைநோய் வாட்டுகிறது. பழைய கொலைக்குக் காரணமானவனைத் தேடுகிறான் மன்னன். மேலே கேட்காதே என்று மன்றாடுகிறாள் மனைவி. கிழட்டு இடையன் வாய் திறக்க மறுக்கிறான். பழி தன் தலையிலேயே விழக்கூடும் என்று தெரிந்தும் அவன் நிறுத்தவில்லை. விசாரணை என்றாலே ஓடி ஒளியும் ஆட்சியாளரைப் பார்த்துப் பழகியவர்கள் இவனையல்லவா படிக்கவேண்டும்!

பண்டிதர் சரக்கு என்ற அச்சமும் வேண்டாம். ஏதன்ஸ் நகரத் திருவிழாவிலே, திறந்த வெளியிலே, ஆயிரக்கணக்கானோர் முன் ஆடிய ஆட்டம் அது. முகமூடி உண்டு, கூட்டுப்பாட்டு உண்டு. திரௌபதியம்மன் விழாவில் விடிய விடியக் கர்ண மோட்சம் பார்த்தவனுக்கு யார் இதைச் சொல்லித்தர வேண்டும்? (அடிமைகளின் உழைப்பில் வாழ்ந்த ஊர் அது, அதையும் மறக்கவேண்டாம்.)

அடுத்து எது? மனிதனுக்கு நெருப்பைத் தந்ததற்காகப் பாறையில் பிணைக்கப்பட்ட பிரமீதியஸின் கதை. 1841இல் தம் ஆராய்ச்சி நூலின் முன்னுரையில் மார்க்ஸ் போற்றியது இவனைத்தான்.

நெருப்பு என்றதும் சிதம்பரம் நினைவுக்கு வருகிறதல்லவா? நந்தன்! 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடியபடி, தில்லையின் தென்மதிலுக்கு வெளியே தீ வளர்த்தார்கள். உள்ளே புகுந்தவன் முனிவனாக எழுந்தானாம், பூணூலோடு! 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் ஒரு பண்ணையாரையும் சேர்த்தார். சிதம்பரம் போய்வர உத்தரவு கேட்ட கூலியாளிடம், நாற்பது வேலி நிலத்தின் வேலையை முடித்துவிட்டுப் போ என்கிறான் அவன். ஒருநாள் விடுப்புக் கேட்டுப் பார்த்த தொழிலாளிக்கு இந்தக் குரல் புதிதா? ஆனால் வேலையும் தெய்வ அருளால் ஒரே இரவில் முடிந்துவிடுகிறது. பண்ணையாரும் தப்பினார், தீ மூட்டியவர்களும் தப்பினார்கள்!

கி.மு. 415இல் யூரிப்பிடிஸ் ஆடிக்காட்டிய ‘திராய்ப் பெண்டிர்’ அப்படி எவரையும் தப்பவிடவில்லை. தோற்ற நகரத்துப் பெண்கள் அடிமைகளாகப் புறப்படுகிறார்கள். முடிவில் கண்ணீர் துடைக்க எந்தத் தெய்வமும் வரவில்லை. சிறிது காலம் முன்புதான் மீலோஸ் தீவில் ஏதன்ஸ் படை ஆண்களைக் கொன்று, பெண்களையும் குழந்தைகளையும் அடிமைகளாக விற்றிருந்தது. செய்த ஊரார் முன்பே ஆடிய துணிச்சலைப் பாருங்கள்!

நம்மிடமும் அந்தத் துணிச்சல் இல்லாமலில்லை. திருப்பாதிரிப்புலியூரில் 1906இல் பிறந்த புதுமைப்பித்தன் ‘புதிய நந்தன்’ எழுதினார். இந்திரா பார்த்தசாரதி ‘நந்தன் கதை’ நாடகத்தில் தீயைத் தீயாகவே மேடையேற்றினார். முதலில் அந்த நாடகத்தைத் தேடி எடுங்கள், தோழர்களே. அடுத்த வாரம் ‘திராய்ப் பெண்டிர்’.