ஸ்கேன் எடுத்து 2 நாள் கழித்து உடம்பெல்லாம் தடிப்பு! கத்தரிக்காய் மேல் பழி போடாதீர்கள்!

சி.டி. ஸ்கேன் எடுக்கும்போது சிலருக்குக் கையில் ஊசி குத்தி, 'டை' என்கிற சாய மருந்தை ஏற்றுகிறார்கள். அதில் அயோடின் இருக்கிறது. உடம்பு குப்பென்று சூடாகும், உடனே அடங்கிவிடும். அரை மணி நேரம் உட்கார வைத்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்லே, கிளம்புங்க" என்று அனுப்பி விடுவார்கள்.

சிலருக்கு வம்பு அதற்குப் பிறகுதான்!

1 மணி நேரம் முதல் 1 வாரத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் தோல் சிவந்து தடிக்கலாம். அரிப்பு பிடுங்கும். பெரும்பாலும் முதல் 2, 3 நாளில் தலைகாட்டும். "நேத்து கத்தரிக்காய் தின்னே இல்லே, அதான்" என்பார்கள் வீட்டில். ஊசி போட்டது யாருக்கும் ஞாபகம் வராது.

இறால் செய்த பாவம்

இறால் ஒத்துக்கொள்ளாதவருக்கு இந்த ஊசியும் ஆகாது என்று ஒரு பேச்சு உண்டு. அது தப்பு. இறால் அலர்ஜிக்குக் காரணம் அதில் உள்ள புரதம், அயோடின் அல்ல.

கொப்புளம் வந்தால் ஓடுங்கள்

தடிப்பு பெரும்பாலும் சில நாளில் தானாக அடங்கும். அரிப்புக்கு டாக்டர் மாத்திரை கொடுப்பார். ஆனால் காய்ச்சல், வாய்ப்புண், கொப்புளம், முகவீக்கம், இதில் ஒன்று வந்தாலும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அபூர்வம்தான், வந்தால் உயிருக்கே உலை வைக்கும்.

சாய மருந்தில் ஐயோஹெக்சால், ஐயோடிக்சனால் என்று பல வகை உண்டு. வெறுமனே "அயோடின் அலர்ஜி" என்று சீட்டில் எழுதி வைத்தால் பிரயோஜனம் இல்லை. ஏற்றிய மருந்தின் பெயரை எழுதி வாங்கி வைத்திருந்தால், அடுத்த தடவை டாக்டர் வேறு மருந்துக்கு மாற்றலாம்.