பதினான்கு கட்டுரைகளும் ஓர் எண்ணும்

என் மாணவியொருத்தியின் வாப்பா போன மாதம் இரண்டு தாள்களை அச்செடுத்துக்கொண்டு வந்தார். மகளுக்கு வலிப்பு என்று சந்தேகம். தாளில் இருந்தது வெளிநாட்டு நரம்பியல் ஆய்வாளர் ஒருவரின் கட்டுரைப் பட்டியல். "சேர், மேற்கோள் ஆயிரக்கணக்கில இருக்கு. எச்-சுட்டெண் எண்டும் ஒண்டு போட்டிருக்கு. பெரிய டொக்டர்தானே? கடன்பட்டாவது கொண்டுபோய்க் காட்டலாமா?" என்று கேட்டார். தமிழ் படித்தவனிடம் கேட்கிற கேள்வியா இது என்று முதலில் பட்டது. ஆனால் இன்னார் சொன்னதை இன்னார் எடுத்துச் சொன்னார் என்று சங்கிலி பார்ப்பது நமக்குப் புதிதல்லவே.

ஒருவர் எழுதியதை இன்னொருவர் தன் கட்டுரையில் ஆதாரமாகக் காட்டினால் அது ஒரு மேற்கோள். அவற்றைத் தொகுத்து எண்ணும் அறிவியல் மேற்கோள் சுட்டியை 1964இல் யூஜின் கார்ஃபீல்ட் பிலடெல்பியாவில் வெளியிட்டார். எச்-சுட்டெண் 2005இல் ஹிர்ஷ் என்ற பௌதிகவியலாளர் முன்வைத்தது. ஒருவரின் இருபது கட்டுரைகள் குறைந்தது இருபது தடவையாவது எடுத்தாளப்பட்டிருந்தால் அவருக்கு 20. அடுத்த எண்ணுக்கு இருபத்தொரு கட்டுரைகள் அப்படி வேண்டும். கணக்கு அவ்வளவுதான்.

இதை ஹான்ஸ் பேர்கருக்குப் போட்டுப் பாருங்கள். ஜேர்மனியின் யேனா நகரில் மனநோய் மருத்துவராக இருந்தவர். மனித மூளையின் மின்னலைகளை 1924இல் முதன்முதலாகப் பதிந்தார். ஐந்து வருடம் தன்னையே சந்தேகித்து, மகனின் தலையிலும் பதிந்து பார்த்து, 1929இல்தான் வெளியிட்டார். 1938 வரை அதே தலைப்பில் பதினான்கு கட்டுரைகள். அந்தப் பதினான்கையும் உலகமே எடுத்தாண்டாலும் அவற்றால் வரக்கூடிய எச்-சுட்டெண் பதினான்கைத் தாண்டாது! இன்று ஈ.ஈ.ஜி. எடுக்காத வலிப்புச் சிகிச்சை நிலையம் ஏது?

ஆரம்ப வருடங்களில் அவரைப் பெரிதாக யாரும் கணக்கெடுக்கவில்லை. பதிவானது மூளையின் அலைதானா, வேறேதும் குழப்பமா என்று சந்தேகித்தார்கள். 1934இல் கேம்பிரிட்ஜில் நோபல் பரிசு பெற்ற ஏட்ரியன், மெத்யூஸ் என்பவரோடு அதைச் செய்துபார்த்து உறுதிசெய்தார். தங்கள் கட்டுரையின் தலைப்பிலேயே பேர்கரின் பெயரை வைத்தார். அந்த ஒரு மேற்கோளின் நிறை வேறு. அடுத்த வருடமே பொஸ்டனில் கிப்ஸ், டேவிஸ், லெனொக்ஸ் மூவரும் ஒருவகை வலிப்பின்போது விநாடிக்கு மூன்று தடவை கூரலை எழுவதைக் காட்டினார்கள். அந்த வலிப்பில் பிள்ளை விழாது, துடிக்காது. பேச்சை நிறுத்திச் சில விநாடி வெறித்துப் பார்க்கும், பிறகு ஒன்றும் நடவாததுபோல் தொடரும். நாம் அதைப் பராக்கு என்கிறோம். அந்த மாணவியை நானே இரண்டு தடவை ஏசியிருக்கிறேன்.

பேர்கர் கதையில் இன்னொரு பக்கமும் உண்டு. ஹதீஸ் கலையில் அறிவிப்பாளரின் நேர்மையை விசாரிக்கத் தனித்துறையே இருக்கிறது. மேற்கோள் கணக்கில் அது இல்லை. 1933இல் நாஸி அரசு கொண்டுவந்த சட்டம், பரம்பரை வலிப்பு உள்ளவர்களையும் கட்டாயமாக மலடாக்கச் சொன்னது. அதை நடைமுறைப்படுத்திய பரம்பரைச் சுகாதார நீதிமன்றத்தில் யேனாவில் பேர்கரும் அமர்ந்திருந்தார். வலிப்பு நோயாளிகளுக்கு அவரளவு உதவியவர்கள் குறைவு; அவர்களுக்கு எதிரான ஆசனத்தில் இருந்தவரும் அவரே. 1941இல் தற்கொலை செய்துகொண்டார். அந்த அலை உண்மைதான், ஆளின் பிழையால் அது பொய்யாகிவிடாது. ஆனால் எண்ணைப் பார்த்து ஆளை எடைபோட முடியாது என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

வாப்பாவிடம் இவ்வளவும் சொல்லவில்லை. "அந்த எண், மற்ற ஆய்வாளர்கள் இவரை வாசிக்கிறார்கள் என்று மட்டும்தான் சொல்லும். உங்கட பிள்ளைய எப்படிப் பார்ப்பார் எண்டு சொல்லாது" என்றேன். முதலில் இங்குள்ள அரசாங்க ஆஸ்பத்திரியில் நரம்பியல் டொக்டரிடம் காட்டி ஈ.ஈ.ஜி. எடுக்கச் சொன்னேன். அவர் தயங்கித் தயங்கித் தன் போனை எடுத்தார். பன்னிரண்டு விநாடி வீடியோ. பிள்ளை சோற்றுக் கையோடு அப்படியே நிற்கிறாள், இமை மட்டும் துடிக்கிறது, உம்மா கூப்பிடுவது கேட்கிறது. "இத யாருக்கிட்டயும் காட்டல்ல சேர், கலியாணம் கட்டுற காலத்துல கதை வரும்" என்றார்.

டொக்டரிடம் முதலில் அதைத்தான் காட்டுங்கள் என்றேன்.