கலைச்சொல்லும் விளக்கமும்

‘வேலை கொடு’, ‘வேலைக் கொடு’ ஆகிய இரு தொடர்களையும் நோக்குக. முன்னது பணி ஒன்றைத் தருமாறு வேண்டுகிறது. பின்னது வேல் என்னும் படைக்கருவியைத் தருமாறு வேண்டுகிறது. இடையில் நிற்கும் ககர ஒற்று ஒன்றே பொருளை மாற்றிவிடுகிறது. இதனை மாணவர்க்கு எவ்வாறு உணர்த்துவது? ‘இரண்டாம் வேற்றுமை விரியில் வல்லினம் மிகும்’ என்று கலைச்சொல்லால் கூறுவதா, எளிய சொற்களால் விளக்குவதா?

விளக்கம் முந்துக

விதியை மட்டும் கற்பவர் அதனை மனப்பாடம் செய்து தேர்வில் பிழையின்றி எழுதிவிடலாம். ஆயினும், அவரே தாம் எழுதும் கடிதத்தில் ஒற்று இட வேண்டிய இடத்தில் விட்டுவிடுவார். விதியின் பெயரை அறிந்தாரேயன்றி, அது தொழிற்படும் இடத்தை அவர் கண்டாரில்லை.

எளிய விளக்கம் அவ்விடத்தைக் காட்டுகிறது. ‘வேல்’ என்னும் பெயரோடு ‘ஐ’ சேர்ந்து, கொடுக்கப்படும் பொருள் எது எனச் சுட்டுகிறது. அதனால் ஒற்று மிகுந்தது. பணியைக் குறிக்கும் ‘வேலை’யிலோ ஐகாரம் அச்சொல்லின் உறுப்பு, சுட்டும் ‘ஐ’ மறைந்து நிற்கிறது. அது வெளிப்பட்டு ‘வேலையைக் கொடு’ என வரின், அங்கும் ஒற்று மிகும். இவ்வாறு ஒப்பிட்டுக் காண்பவர் விதியைத் தாமே கண்டறிவர்.

பெயரும் தேவை

அவ்வாறாயின் கலைச்சொல் வேண்டாவோ? பாலைக் குடித்தான், கதவைத் திறந்தாள், பூவைப் பறித்தார் என எண்ணற்ற தொடர்களில் இவ்விதி செல்கிறது. ஒவ்வொரு முறையும் முழு விளக்கத்தையும் கூறுதல் இயலாது. கண்டறிந்ததற்குப் பெயரிட்டால், ஒரு தொடரில் கற்றதை வேறொரு தொடருக்குக் கொண்டுசெல்லலாம். ஐயத்தைப் பிறரிடம் தெளிவாகக் கேட்கலாம். இலக்கண நூலையும் துணையின்றிப் பயிலலாம்.

பெயருக்குள் விளக்கம்

தமிழ்க் கலைச்சொற்கள் பலவும் சுருங்கிய விளக்கங்களே. ‘ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்’ என்னும் நெடும்பெயர் மாணவரை அச்சுறுத்துவதுண்டு. ‘ஓடாத குதிரை’ என்பது ‘ஓடாக் குதிரை’ ஆவதைக் காட்டிப் பெயரைப் பிரித்தால் அச்சம் அகலும். இறுதியில் உள்ள ‘த’ கெட்டது, ஆதலின் ஈறுகெட்டது. ஓடுதல் இல்லை என்பதால் எதிர்மறை. முற்றுப்பெறாமல் எஞ்சி நின்று, குதிரை என்னும் பெயரைக் கொண்டு முடிவதால் பெயரெச்சம்.

‘இரண்டாம் வேற்றுமை’ என்னும் பெயரோ எண்ணை மட்டுமே கூறுகிறது. தொல்காப்பியர் அதனை இரண்டாவது என்று எண்ணியதோடு ‘ஐ’ எனப் பெயரும் சுட்டினார். வகுப்பறையில் எண் நிலைத்தது, உருபு பின்தங்கியது. இரண்டையும் இணைத்துக் கூறின் மாணவர் தடுமாறார்.

எனவே, முதலில் எடுத்துக்காட்டு, அடுத்து எளிய விளக்கம், நிறைவாகப் பெயர் என்னும் வரிசையே கற்பித்தலுக்கு ஏற்றது. பொருளறிந்து பெற்ற பெயர் நினைவில் நிற்கும், எழுதும்போது கைகொடுக்கும்.