போத்தல் எத்தனை நாளில் தீர்கிறது?

வானொலியில் உடல்நலம் பற்றி எப்போது பேசினாலும் நேயர்கள் தவறாமல் கேட்பது, "எந்த எண்ணெய்ங்க நல்லது?" எங்கள் வீட்டிலும் அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்ததிலிருந்து இதே பட்டிமன்றம்தான். அம்மாவுக்குச் செம்பனை எண்ணெய். அத்தைக்கோ செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெய்தான் சர்வரோக நிவாரணி.

கணக்கைப் பார்ப்போம். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் சுமார் 14 கிராம். அதில் நிறைவுற்ற கொழுப்பு தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய 12 கிராம், செம்பனையில் 7, நல்லெண்ணெயிலும் ஆலிவ் எண்ணெயிலும் 2. எல்டிஎல் என்னும் கெட்ட கொழுப்பை ஏற்றுவது இதுதான். நாளுக்கு 2000 கலோரி சாப்பிடுபவருக்கு உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரைப்படி வரம்பு சுமார் 22 கிராம். இரண்டு கரண்டி தேங்காய் எண்ணெயே அதைத் தாண்டிவிடும். அத்தை மன்னிக்கணும்!

சரி, ஆலிவ் வாங்கிவிடலாமா? வசதி இருந்தால் வாங்குங்கள். ஆனால் எந்த எண்ணெயானாலும் கரண்டிக்குச் சுமார் 120 கலோரி. நல்லதுதானே என்று தாராளமாக ஊற்றினால் எடைதான் கூடும். 'கொலஸ்ட்ரால் இல்லை' என்ற லேபிளுக்கும் மயங்க வேண்டாம். தாவர எண்ணெய்களில் கொலஸ்ட்ரால் இல்லை என்றே சொல்லலாம்.

1 கிலோ பாக்கெட் எண்ணெயை உதவித்தொகை விலையில் 2 வெள்ளி 50 காசுக்கு வாங்கிச் சமைக்கும் குடும்பத்திடம் போய் ஆலிவ் புராணம் பாட எனக்கு மனமில்லை. தோட்டத்தில் நம் தாத்தாக்கள் குலை வெட்டிய மரம் வேறு. அதிகச் சூட்டைத் தாங்குவதால் பொரிக்கவும் செம்பனை ஏற்றது. சிக்கல் அளவில்தான். நான்கு பேர் வீட்டில் 5 கிலோ போத்தல் ஒரே மாதத்தில் தீர்ந்தால், கொட்டியது போக எல்லாம் வயிற்றுக்குள் என்று வைத்துக்கொண்டால், ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று கரண்டி. நிறைவுற்ற கொழுப்பு 21 கிராம்! இறைச்சி, பால், தேங்காய்ப்பால் எதையும் இன்னும் கணக்கில் சேர்க்கவே இல்லை.

இன்னொன்று, வடை சுட்ட எண்ணெய். திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது எண்ணெய் சிதைந்து, உடம்புக்கு ஆகாத பொருள்கள் அதில் சேர்கின்றன. கறுத்து, பிசுபிசுத்து, நுரை தட்டினால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். சிங்கில் மட்டும் ஊற்றாதீர்கள், குழாய் அடைத்துக்கொள்ளும்.

எங்கள் வீட்டில் இப்போது பொரிக்கச் செம்பனை, தாளிக்க நல்லெண்ணெய், எப்போதாவது அவியலுக்குத் தேங்காய் எண்ணெய். சட்டியில் நேராக ஊற்றுவதில்லை, கரண்டியால் அளந்துதான். போத்தலைத் திறந்த தேதியை மார்க்கரால் அதன்மேலேயே எழுதிவிடுகிறோம். போன போத்தல் ஏழு வாரம் வந்தது.