களத்துக் கேமராவைப் பெயர் சொல்லிக் கூப்பிட

ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டை வைத்துக்கொள்வோம். பங்களாவில் பிரிண்டர், எடை போடும் இடத்தில் கணினி, கொட்டை காயும் களத்தில் கேமரா. மேடும் பள்ளமுமான சேர்வராயன் சரிவில், சில்வர் ஓக் மரங்களைத் தாண்டி ஒரே ரூட்டரின் வைஃபை எட்டாது. மழையில் நனைந்த இலை சிக்னலை இன்னும் குடிக்கும். ஆகவே இரண்டு மூன்று மெஷ் பெட்டிகளை வைத்து ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கடத்த வேண்டியிருக்கிறது.

தொல்லை அதற்குப் பிறகுதான். கருவிகளுக்கு ஐபி எண் கொடுப்பது தலைமைப் பெட்டி. கரண்ட் போய் வந்தால் அந்த எண் மாறலாம். நேற்று 192.168.1.37 என்று தட்டினால் களம் தெரிந்தது. இன்று அது மேஸ்திரியின் செல்போனாக இருக்கும்.

இதைத் தீர்க்க, முதலில் கருவியின் வன்பொருள் எண்ணான மேக் முகவரியைக் காட்டி எண்ணை நிலையாக ஒதுக்கிவிட வேண்டும். பிறகு ஹோஸ்ட்நேம், அதாவது கருவிக்கு ஒரு பெயர். பலர் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். உண்மையான வசதி மூன்றாவது படியில், அதாவது மாற்றுப்பெயரில் இருக்கிறது. பால் மொக்கபெட்ரிஸ் 1983-இல் வடிவமைத்த, பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ் முறையிலேயே இதற்கு இடமுண்டு, சிநேம் என்பார்கள். அது எண்ணைச் சுட்டாது, இன்னொரு பெயரைச் சுட்டும். கருவியின் பெயர் எதுவானாலும் ஆட்கள் தட்டுவது ‘களம்’ என்றுதான் (அதையும் ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும்; ஆங்கில எழுத்து, எண், ஹைஃபன் மட்டுமே செல்லும்). இடி விழுந்து கேமரா போனால், புதியதை மாட்டி ஒரே ஒரு வரியைத் திருத்தினால் போதும். பழைய கணினி ஒன்றே கணக்கையும் கேமராப் பதிவையும் சுமந்தால் இரண்டு மாற்றுப்பெயர் வையுங்கள்; பின்னாளில் பிரிப்பது சுலபம்.

விலை குறைந்த மெஷ் பெட்டிகள் பலவற்றில் இந்த வசதி இருக்காது. ஓப்பன்டபிள்யூஆர்டி மென்பொருள் ஏற்றிய ரூட்டரோ, டிஎன்எஸ்மாஸ்க் என்ற மென்பொருள் ஓடும் ராஸ்பெரி பை என்ற சிறு கணினியோ வேண்டும். பெயரின் வாலில் ‘.லோக்கல்’ வேண்டாம், அது கருவிகள் தாங்களே ஒன்றையொன்று பெயரால் தேடும் எம்டிஎன்எஸ்ஸுக்கு உரியது. தனி வலைகளுக்கென்றே ‘.இன்டர்னல்’ என்பதை, இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் 2024-இல் ஒதுக்கியிருக்கிறது.

பல பேர் பகிரும் மெஷ் என்றால் பெயர் மோதாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஹாம் ரேடியோக்காரர்களின் ஏஆர்இடிஎன் மெஷ்ஷில் பெயர்கள் வலை முழுக்கப் பரவும். இரண்டு பேர் ‘கேமரா’ என்று வைத்தால் மோதல்தான். அதனால் பெயருக்கு முன்னால் அவரவர் ரேடியோ அழைப்புக்குறியைச் சேர்ப்பது வழக்கம். இந்தியாவில் அது வியு2, வியு3 என்று தொடங்கும்.

எல்லாம் செய்தும் ஒரு போனில் மட்டும் பெயர் திறக்காவிட்டால் அதன் செட்டிங்ஸில் ‘பிரைவேட் டிஎன்எஸ்’ஸைப் பாருங்கள். அது எஸ்டேட் பெட்டியை விட்டுவிட்டு வெளியே போய்க் ‘களம்’ எங்கே என்று விசாரித்துக்கொண்டிருக்கும்.