இஞ்சி பிஸ்கோத்தும் இல்லத்து அடுப்பும்

கடைகளில் கிடைக்கும் தின்பண்டங்கள் நாளுக்கு நாள் பெருகி வருகின்றன. ஆனால் அவற்றினுள் என்னென்ன சேர்ந்திருக்கின்றன என்று நம் பிள்ளைகள் கேட்டால், விடையளிக்க இயலாதவர்களாகவே நம்மில் பெரும்பாலோர் இருக்கிறோம். அவ்வாறு விடையின்றி நின்ற தந்தை ஒருவரின் அனுபவத்தையே இங்கு எழுதுகிறேன். அத்தந்தை வேறு யாருமல்லர், நானேதான்.

துபாயில் பணிபுரியும் என் மைத்துனர் சில ஆண்டுகளுக்கு முன் விடுமுறையில் வந்தபோது, அழகிய தகரப் பெட்டி ஒன்றைக் கொணர்ந்தார். உடன் பணியாற்றும் ஜெர்மானியர் அவருக்கு அன்பளிப்பாகத் தந்தது அது. மூடியைத் திறந்ததும் சுக்கும் பட்டையும் கிராம்பும் கலந்த மணம் கூடம் முழுவதும் பரவியது. உள்ளே வட்ட வட்டமாய் இஞ்சி பிஸ்கோத்துகள். "பிள்ளை பெற்றவளுக்குக் கிண்டிக் கொடுக்கும் லேகியத்தின் மணமல்லவா இது!" என்று வியந்தார்கள் என் தாயார்.

அப்போது எட்டு வயது நிரம்பியிருந்த என் மகள் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு, "இது ஹலாலா வாப்பா?" என்று கேட்டாள். பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். எல்லாம் ஜெர்மன் மொழி. எனக்குப் புரிந்தது 'ஈ 471' என்ற குறியீடு ஒன்றுதான். கொழுப்பிலிருந்து செய்யப்படும் அப்பொருள் தாவரத்திலிருந்தும் வரலாம், விலங்கிலிருந்தும் வரலாம். எதிலிருந்து வந்தது என்பதை அக்குறியீடு சொல்லாது. மதரஸாவில் நாள்தோறும் ஹலால், ஹராம் பாடம் நடத்தும் எனக்கு, என் வீட்டுக் கூடத்தில் ஒரு குழந்தையின் கேள்விக்கு விடை தெரியவில்லை. ஐயத்திற்குரியதை விட்டு ஐயமற்றதை நாடுவதே பேணுதல் என்று சொல்லி, அவள் கையிலிருந்ததை வாங்கிப் பெட்டிக்குள் வைத்தேன். அவள் அழவில்லை. ஆனால் அந்த முகவாட்டம் என்னை உறுத்தியது. "வேண்டாம் என்று சொல்லிவிட்டீர்கள், வேறு என்ன தரப் போகிறீர்கள்?" என்று என் துணைவியார் கேட்டது அதைவிட உறுத்தியது.

நம் கரையிலிருந்து சென்ற மணம்

அதன் பின்னரே இப்பண்டத்தைப் பற்றிப் படிக்கத் தலைப்பட்டேன். ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரம் 'லெப்கூகன்' எனப்படும் மசாலா பிஸ்கோத்துக்குப் பெயர் பெற்றது. 1643ஆம் ஆண்டிலேயே அங்கு இதனைச் சுடுவோருக்கெனத் தனிச் சங்கம் அமைந்துவிட்டது. அந்நகரைச் சூழ்ந்த காடுகளில் தேன் மிகுதியாகக் கிடைத்தது. நறுமணப் பொருள்களோ வெனிஸ் நகர வணிகத்தின் வழியாக வந்தன. வெனிஸுக்கு அவை எங்கிருந்து வந்தன? மலபார்க் கரையின் இஞ்சியையும் மிளகையும் இலங்கையின் பட்டையையும் மரக்கலங்களில் ஏற்றிச் சென்றவர்களுள் முதன்மையானவர்கள் அரபு வணிகர்களும் இக்கரையோர முஸ்லிம் வணிகர்களுமே. செங்கடல் வழியே எகிப்தை அடைந்த சரக்கு, அங்கிருந்து வெனிஸுக்குச் சென்றது.

சொல்லும் சரக்கோடு பயணம் செய்திருக்கிறது. அரபு மொழியில் இஞ்சிக்கு 'ஸன்ஜபீல்' என்று பெயர். திருக்குர்ஆனின் 76ஆம் அத்தியாயம் 17ஆம் வசனத்தில், சுவனவாசிகளுக்குப் புகட்டப்படும் பானத்தின் கலவையாக இடம்பெறும் சொல் இதுவே. இச்சொல்லின் மூலத்தைத் தேடிச் சென்ற மொழியறிஞர் பலர், தென்னிந்தியாவின் 'இஞ்சி', 'வேர்' ஆகிய சொற்களில் வந்து நிற்கின்றனர். ஆக, அயல்நாட்டுப் பெட்டிக்குள் இருந்தது அயலார் மணமன்று. என் தாயாரின் மூக்கு சரியாகவே சொன்னது!

கிறிஸ்துமஸ் காலத்தில் மிகுதியாக விற்கப்படும் பண்டமாயிற்றே என்று சிலர் தயங்கலாம். மாவும் வெண்ணெயும் சுக்கும் எந்தப் பண்டிகைக்கும் உரிமையானவை அல்ல. மனித உருவில் அச்சிடுவது அவர்கள் வழக்கம். நமக்கு வட்டமே போதும்.

செய்முறை

மைதா மாவு 250 கிராம், வெண்ணெய் 125 கிராம், பொடித்த நாட்டுச் சர்க்கரை 125 கிராம், வெல்லம் 75 கிராம், சுக்குப் பொடி 2 தேக்கரண்டி, பட்டைத் தூள் 1 தேக்கரண்டி, ஏலப்பொடி அரைத் தேக்கரண்டி, கிராம்புத் தூளும் மிளகுத் தூளும் கால் தேக்கரண்டி வீதம், பேக்கிங் பவுடர் 1 தேக்கரண்டி, சமையல் சோடா அரைத் தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை. முட்டை வேண்டியதில்லை. எஸன்ஸும் வேண்டியதில்லை, அவற்றுள் சில சாராயத்தில் கரைக்கப்பட்டவை. அஞ்சறைப் பெட்டியின் மணமே இதற்குப் போதும்.

பச்சை இஞ்சியை விடச் சுக்கே இதற்கு ஏற்றது. இஞ்சி காயும்போது அதிலுள்ள 'ஜிஞ்சரால்' என்னும் காரப்பொருள் 'ஷோகால்' என்பதாக மாறுகிறது. இது முன்னதினும் காரம் மிக்கது. மேலும், பச்சை இஞ்சியின் ஈரம் மாவைத் தளர்த்திவிடும்.

வெல்லத்தை இரண்டு மேசைக்கரண்டி நீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, தேன் பதத்திற்குக் காய்ச்சி நன்கு ஆறவிடுங்கள். வெண்ணெயையும் சர்க்கரையையும் வெளுக்கக் குழைத்து, ஆறிய பாகைச் சேருங்கள். மாவையும் மற்றப் பொருள்களையும் ஒன்றாகச் சலித்து அதில் கலந்து, ஒன்று சேரும் அளவுக்கு மட்டும் பிசையுங்கள். சப்பாத்தி மாவைப் போல் அடித்துப் பிசைந்தால் பிஸ்கோத்து கடினமாகிவிடும். அரைமணி நேரம் குளிர்பெட்டியில் வைத்தெடுத்து, நெல்லிக்காய் அளவு உருட்டி, லேசாகத் தட்டி, இடைவெளி விட்டுத் தட்டில் அடுக்குங்கள். ஏறத்தாழ முப்பது பிஸ்கோத்துகள் வரும்.

மின் அடுப்பில் 170 முதல் 180 டிகிரி செல்சியஸ் சூட்டில் 10 முதல் 12 நிமிடம் வைத்தால் போதும். அது இல்லாத வீட்டினர், கனமான பாத்திரத்தில் இரண்டு அங்குல உயரத்திற்கு மணல் பரப்பி, மூடிக் கால்மணி நேரம் சூடேற்றி, உள்ளே முக்காலி வைத்து அதன்மேல் தட்டை வைத்து மூடி, சிறுதீயில் 15 முதல் 20 நிமிடம் சுடலாம். எங்கள் வீட்டு முறை இதுவே.

இரண்டு தோல்விகள்

முதல் முறை பாகு ஆறும்வரை பொறுக்காமல் சுடச்சுட ஊற்றினேன். வெண்ணெய் உருகி, பிஸ்கோத்துகள் யாவும் ஒன்றோடொன்று கூடி ஒரே அடையாகிவிட்டன. அடுத்த வாரம், கையால் தொட்டபோது மெத்தென்று இருக்கிறதே என்று எண்ணி மேலும் பத்து நிமிடம் வைத்தேன். அடிப்புறம் கருகிவிட்டது. சூட்டில் மெத்தென்று இருப்பதே சரியான பதம் என்பதும், ஆறிய பின்னரே அது மொறுமொறுப்பாகும் என்பதும் அன்றுதான் புரிந்தது. "ஆலிம்சாவுக்கு அடுக்களையில் என்ன வேலை?" என்று உறவினர் ஒருவர் நகைத்தார். வீட்டு வேலைகளில் குடும்பத்தாருக்கு உதவி வந்தவர்கள் நம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் என்பதை அவருக்கு நினைவூட்டினேன்.

மூன்றாம் முறை, அல்ஹம்துலில்லாஹ், நன்றாக வந்தது. மேற்புறம் வெடிப்பு விட்டு, பொன்னிறத்தில் மணத்தது. இனிப்பு இனிப்பே என்பதையும் சொல்லிவிட வேண்டும். சுக்கு சேர்ந்திருப்பதால் இது மருந்தாகிவிடாது. நீரிழிவு உள்ள என் தாயார் பாதியோடு நிறுத்திக்கொண்டார்கள்.

ஒரு தட்டில் பத்து பிஸ்கோத்துகளை வைத்து, அண்டை வீட்டாருக்குக் கொடுத்துவர மகளை அனுப்பினேன். திண்ணையில் நின்ற என் காதில் அவ்வீட்டுப் பெண்மணி கேட்டது விழுந்தது: "இதிலே என்னென்ன சேர்த்திருக்கிறீர்கள், அம்மா?"

மாவிலிருந்து மிளகு வரை ஒன்றுவிடாமல், சற்றும் தயங்காமல், விரல்விட்டு எண்ணிச் சொன்னாள் என் மகள். அன்று அவளுடைய கேள்விக்கு என்னிடம் இல்லாத விடை, இன்று அவளிடம் இருந்தது. நம் இல்லங்கள் ஒவ்வொன்றிலும் பிள்ளைகள் இவ்வாறு விடை சொல்ல வல்லவர்களாய் வளர, அல்லாஹ் அருள்புரிவானாக!