1909-இல் பதிந்த பிறகும் மணி அடிப்பது ஏன்?

‘ஸ்டார்ட் 0’ என்று ஆங்கிலத்தில் தட்டி 1909-க்கு ஒரு எஸ்எம்எஸ் அனுப்பினால் போதும். வங்கி, காப்பீடு, வீட்டுமனை, கல்வி, மருத்துவம், சுற்றுலா என்று எந்த வகை விளம்பரமும் இந்த எண்ணுக்கு வேண்டாம் என்பது பதிவாகிவிடும். கட்டணம் கிடையாது. பதிவானதை உறுதி செய்யும் எஸ்எம்எஸ்ஸும் வந்துவிடும். அதற்குப் பிறகும் ஒரு மதிய நேரத்தில் போன் அடிக்கிறது: “சார், பர்சனல் லோன் ஏதாவது தேவைப்படுதா?”

டிஎன்டி (தொந்தரவு செய்யாதே) பதிவு போட்டிருக்கிறேனே, பிறகு எப்படி என்ற கேள்வி உடனே எழும். அழைத்தவரிடமே அதைக் கேட்டுப் பார்த்தவர்கள் உண்டு. பெரும்பாலும் மறுமுனையில் லைன் கட்டாகிவிடும். லோக்கல்சர்க்கிள்ஸ் என்ற நுகர்வோர் தளம் நடத்திய கருத்துக்கணிப்புகளில், டிஎன்டியில் பதிந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் தொல்லை அழைப்பு நிற்கவில்லை என்றே சொல்லியிருக்கிறார்கள்.

இதை வைத்து, இந்தப் பதிவேடு வெறும் ஏட்டுச் சுரைக்காய் என்று முடிவு கட்டுவது எளிது. அது சரியல்ல. பதிவேட்டுக்கென்று ஒரு வேலை இருக்கிறது. அதை அது செய்யவும் செய்கிறது. அது செய்யும் வேலையும், அது செய்யும் என்று நாம் நம்பியிருக்கும் வேலையும் வேறு வேறாக இருப்பதுதான் சிக்கல்.

டிராய் எனப்படும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதிப்படி, விளம்பர அழைப்பு செய்ய விரும்பும் நிறுவனம் முதலில் தொலைத்தொடர்பு நிறுவனத்திடம் பதிவு செய்துகொள்ள வேண்டும். அதற்கென 140 என்று தொடங்கும் எண் தரப்படும். அந்த நிறுவனம் அழைக்க எடுத்துவரும் எண்கள் டிஎன்டி பதிவேட்டோடு ஒப்பிடப்படும். வேண்டாம் என்று சொன்னவர்களின் எண்கள் நீக்கப்படும். தொழிலில் இதற்கு ‘ஸ்க்ரப்பிங்’ என்று பெயர். பதிவு செய்துகொண்டு, 140 வழியாக, முறைப்படி வருகிற அழைப்பை இந்தச் சல்லடை பிடித்துவிடுகிறது. தடுக்கப்பட்ட அந்த அழைப்புகள் நமக்குத் தெரிவதே இல்லை. வராத அழைப்பை யார் எண்ணிப் பார்க்கிறார்கள்?

ஆனால் சல்லடை இருக்கும் வழியாகத்தான் வர வேண்டும் என்று எல்லோரும் நினைப்பதில்லை. கடையில் சாதாரண 10 இலக்க சிம் ஒன்றை வாங்கி, அன்லிமிடெட் ரீசார்ஜ் செய்து, கையில் இருக்கும் எண்களை வரிசையாக அழைக்கத் தொடங்கிவிடுகிறார் ஒருவர். தொலைபேசி வலையமைப்பைப் பொறுத்தவரை அது அண்ணன் தங்கைக்குப் பேசும் அழைப்பைப் போன்றதுதான். எந்தப் பதிவேட்டோடும் அது ஒப்பிடப்படாது. டிராய் இவர்களைப் ‘பதிவு செய்யாத டெலிமார்க்கெட்டர்’ என்கிறது. 2024-ஆம் ஆண்டின் முதல் ஆறு மாதங்களில் மட்டும் இவர்கள்மீது 7.9 லட்சத்துக்கும் மேற்பட்ட புகார்கள் வந்தன.

இவர்கள் எல்லோரும் மோசடிக்காரர்கள் என்று நினைக்க வேண்டியதில்லை. கடன் விற்கும் முகவர், புறநகரில் மனை போட்டிருக்கும் புரோக்கர், கோச்சிங் சென்டரில் அட்மிஷன் இலக்கோடு உட்கார்ந்திருக்கும் இளம் பெண் என்று பலரும் இதில் உண்டு. பெரிய வங்கியின் பெயரைச் சொல்லி அழைப்பவர் அந்த வங்கியின் ஊழியராக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. கமிஷனுக்கு வேலை செய்யும் நேரடி விற்பனை முகவரிடம் அவர் சம்பளம் வாங்குபவராக இருக்கலாம். புகார் எழுந்தால் வங்கி முகவரைக் காட்டும். முகவர் அந்த சிம்மைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறொன்றை வாங்குவார். பொறுப்பு இப்படிக் கைமாறிக் கைமாறிக் காணாமல் போகிறது.

இந்த நோய் நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. ‘வேண்டாம்’ பட்டியல்களிலேயே உலகில் மிகப் புகழ்பெற்றது அமெரிக்காவுடையது. 2003 ஜூன் 27 அன்று அதன் மத்திய வர்த்தக ஆணையம் தேசியப் பதிவேட்டைத் திறந்தது. முதல் நாளே 7 லட்சத்துக்கும் மேற்பட்ட எண்கள் பதிவாயின. நான்கு நாட்களில் ஒரு கோடி. இரவுச் சாப்பாட்டு நேரத்தில் வந்துகொண்டிருந்த விற்பனை அழைப்புகளால் அமெரிக்கக் குடும்பங்கள் அவ்வளவு வெறுத்துப்போயிருந்தன. அந்த ஆண்டு செப்டம்பரில் ஓக்லஹோமாவில் ஒரு நீதிபதி, இப்படியொரு பதிவேட்டை நடத்த ஆணையத்துக்கு அதிகாரமே இல்லை என்று தீர்ப்பளித்தார். தீர்ப்பு வெளியான ஓரிரு நாளிலேயே நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் அந்த அதிகாரத்தை வழங்கும் சட்டத்தை நிறைவேற்றின. கீழவையில் 412-க்கு 8. மேலவையில் 95 பேர் ஆதரவு, எதிர்ப்பு ஒன்றுகூட இல்லை. எதிலும் ஒத்துப்போகாத இரண்டு கட்சிகளும் இதில் கைகோத்தன.

பதிவேடு வேலையும் செய்தது. 2004 தொடக்கத்தில் ஹாரிஸ் நிறுவனம் நடத்திய கருத்துக்கணிப்பில், பதிந்தவர்களில் 92 விழுக்காட்டினர் அழைப்புகள் குறைந்துவிட்டதாகச் சொன்னார்கள். இங்கே நம் கருத்துக்கணிப்பில் வந்த எண்ணை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். அடிப்படையில் அதே ஏற்பாடுதான்; விளைவோ நேர் எதிர்.

அன்று ஏன் பலித்தது? 2003-இல் லட்சக்கணக்கானவர்களை அழைக்க வேண்டுமென்றால் கட்டடம் வேண்டும், தொலைபேசி இணைப்புகள் வேண்டும், நூற்றுக்கணக்கில் ஆட்கள் வேண்டும், தொலைதூர அழைப்புக் கட்டணம் கட்ட வேண்டும். அதைச் செய்யக்கூடியவை முகவரி உள்ள நிறுவனங்கள். முகவரி இருந்தால் நோட்டீஸ் அனுப்பலாம், அபராதம் போடலாம். அதனால் அவை பதிவேட்டை மதித்தன. பிறகு இணையவழி அழைப்பு வந்தது. அழைப்பின் செலவு ஏறக்குறைய இல்லாமலே போயிற்று. அழைப்பவரின் எண்ணைப் பொய்யாகக் காட்டுவதும் எளிதாயிற்று. கணினி தானே அழைத்து, பதிவு செய்த குரலை ஓடவிடும் ரோபோகால்கள் பெருகின. 2017 நிதியாண்டில் அந்த ஆணையத்துக்கு வந்த புகார்கள் 71 லட்சம். இத்தனைக்கும் பதிவேடு அப்படியே இருந்தது, விதியும் தளரவில்லை. பட்டியலைப் பார்க்காதவர்களும் மலிவாக அழைக்க முடிந்ததுதான் மாற்றம். சட்டத்துக்குக் கட்டுப்படும் நிறுவனங்களின் விற்பனை அழைப்பைத்தான் பதிவேடு நிறுத்தும், மோசடிக்காரர்களை அது தடுக்காது என்று அந்த ஆணையமே தன் விளக்கக் குறிப்பில் எழுதிவைத்திருக்கிறது.

இந்தியாவில் அதே மாற்றம் இன்னும் வேகமாக நடந்தது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு, நிமிடத்துக்கு இவ்வளவு என்று கணக்குப் பார்த்துப் பேசும் வழக்கமே போய்விட்டது. வெளியூரில் இருக்கும் பிள்ளையோடு நினைத்தபோது பேச முடிந்த மகிழ்ச்சி உண்மையானது. அதே அன்லிமிடெட் ரீசார்ஜ்தான் நாளுக்கு நூற்றுக்கணக்கான பேரை அழைப்பவருக்கும் கருவியாகிவிட்டது.

அதற்கு முன்பே டிராய் விதிகளை இரண்டு முறை எழுதியிருந்தது. 2007-இல் தேசிய ‘அழைக்காதே’ பதிவேடு வந்தது. 2010-இல் அறிவிக்கப்பட்டு 2011 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த விதிகள் 140 வரிசையைக் கொண்டுவந்தன. மூன்றாவதாக 2018-இல் வந்த விதிகள் பிளாக்செயின் தொழில்நுட்பத்தையே துணைக்கு அழைத்தன. எஸ்எம்எஸ் அனுப்பும் ஒவ்வொரு நிறுவனமும் தன் பெயரையும் செய்தியின் வார்ப்பையும் முன்கூட்டியே பதிய வேண்டும், பதியாதது போய்ச்சேராது. 2021 மார்ச் 8 அன்று அந்தச் சல்லடையை முழுவீச்சில் இயக்கினார்கள். அன்று நாடு முழுக்க ஓடிபி வராமல் போயிற்று. வங்கிப் பரிமாற்றம் நின்றது, ஆன்லைன் கொள்முதல் நின்றது. டிராய் அதை ஏழு நாளைக்கு நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. காரணம் பல நிறுவனங்கள் வார்ப்புகளைப் பதியாமல் இருந்ததுதான். ஆனாலும் சல்லடைக் கண்ணைத் திடீரென்று சிறிதாக்கினால் தேவையானதும் சேர்ந்து நின்றுவிடும் என்பதை அன்று எல்லோரும் அனுபவத்தில் தெரிந்துகொண்டார்கள்.

எஸ்எம்எஸ்ஸுக்கு இந்த ஏற்பாடு பிறகு ஓரளவு கைகொடுத்தது. குரல் அழைப்புக்குக் கைகொடுக்கவில்லை. பேசப்போவதை முன்கூட்டியே வார்ப்பாகப் பதிய முடியாது.

உண்மையில் அசைவை ஏற்படுத்தியது 2024 ஆகஸ்ட் 13-ஆம் தேதி டிராய் பிறப்பித்த உத்தரவு. அது பட்டியலைத் தொடவே இல்லை. அழைப்பவரின் இணைப்பில் கை வைத்தது. ஒரே நேரத்தில் 30 பேரிடம் பேச வழிசெய்யும் பிஆர்ஐ போன்ற மொத்த இணைப்புகளை வாங்கி, பதிவு செய்யாமல் விளம்பர அழைப்பு செய்பவர்களின் எல்லா இணைப்புகளையும் துண்டிக்க வேண்டும். இரண்டு ஆண்டுகள் வரை கறுப்புப் பட்டியலில் வைக்க வேண்டும். வேறு எந்தத் தொலைத்தொடர்பு நிறுவனமும் அவர்களுக்குப் புது இணைப்பு தரக் கூடாது. மூன்றே வாரத்தில் 2.75 லட்சம் எண்கள் துண்டிக்கப்பட்டன. 50 நிறுவனங்கள் கறுப்புப் பட்டியலில் சேர்ந்தன. ஆகஸ்டில் 1.89 லட்சமாக இருந்த புகார்கள் செப்டம்பரில் 1.63 லட்சம் ஆயின, அக்டோபரில் 1.51 லட்சம். இரண்டே மாதத்தில் ஐந்தில் ஒரு பங்கு சரிவு. இன்னும் மலைபோல் குவிந்துகிடந்தாலும், எதைத் தொட்டால் எண்ணிக்கை இறங்கும் என்பது இதில் தெரிந்துவிட்டது.

அமெரிக்காவில் டிஷ் நெட்வொர்க் வழக்கும் இதைத்தான் காட்டுகிறது. செயற்கைக்கோள் தொலைக்காட்சி விற்கும் அந்த நிறுவனத்துக்காக, பதிவேட்டில் இருந்த எண்களுக்குக் கோடிக்கணக்கில் அழைப்புகள் போயின. அவற்றில் ஒரு பகுதி அதன் விற்பனை முகவர்கள் செய்தவை. முகவர் செய்ததற்கு நாங்கள் பொறுப்பல்ல என்ற வாதம் எடுபடவில்லை. 2017-இல் நீதிமன்றம் 28 கோடி டாலர் விதித்தது. மேல்முறையீட்டுக்குப் பிறகு 2020-இல் 21 கோடி டாலருக்கு வழக்கு முடிந்தது. யாருடைய பொருள் விற்கப்படுகிறதோ அவர் பணம் கட்டட்டும் என்ற இந்த அணுகுமுறை இங்கே இன்னும் போதுமான அளவு வேரூன்றவில்லை. கடன் முகவரின் சிம்மை முடக்குவதைவிட, அவர் யாருக்காகக் கடன் விற்றாரோ அந்த நிறுவனத்திடம் கணக்குக் கேட்பதே பலன் தரும்.

பதிந்த பிறகும் அழைப்பு வருவதற்கு இன்னொரு காரணம், நாமே கொடுத்த சம்மதம். கடன் தகுதி பார்க்கும் தளத்திலோ, வீடு தேடும் செயலியிலோ எண்ணைக் கொடுக்கும்போது, பொத்தானுக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். டிஎன்டியில் என் எண் இருந்தாலும் இந்த நிறுவனமும் அதன் கூட்டாளிகளும் என்னை அழைக்கச் சம்மதிக்கிறேன் என்பதே அதன் சாரம். சட்டப்படி, குறிப்பான சம்மதம் பொதுவான மறுப்பை வென்றுவிடும். அந்தச் சம்மதம் எந்த ஏட்டில் இருக்கிறது, எப்படித் திரும்பப் பெறுவது என்பது கொடுத்தவருக்கே தெரியாது. சம்மதங்களைத் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் வழியாக டிஜிட்டலாகப் பெற்று ஒரே இடத்தில் பதிய வேண்டும் என்று 2023 ஜூனில் டிராய் உத்தரவிட்டது. 2025-இல்தான் ரிசர்வ் வங்கியோடு சேர்ந்து சில வங்கிகளில் வெள்ளோட்டம் தொடங்கியது. வெறும் கணினிப் பணியாகத் தெரிந்தாலும், பதிவேட்டின் பெரிய ஓட்டை இதுதான். இவ்வளவு தாமதம் ஆகியிருக்கக் கூடாது.

அப்படியானால் ஏற்பாட்டையே தலைகீழாக்கி, சம்மதம் தராத யாரையும் அழைக்கக் கூடாது என்று வைத்துவிட்டால் என்ன? ஜெர்மனியில் அப்படித்தான். முன் சம்மதம் இல்லாமல் நுகர்வோரை விற்பனைக்காக அழைப்பதே அங்கே சட்டவிரோதம். 3 லட்சம் யூரோ வரை அபராதம் உண்டு. அங்கும் 2021-இல் சுமார் 80 ஆயிரம் புகார்கள் வந்தன. நம்மோடு ஒப்பிட்டால் அது சிறிய எண்தான். ஆனாலும் சட்டத்தின் வாசகம் மட்டுமே மணியை நிறுத்திவிடாது என்பது தெரிகிறது.

2025 பிப்ரவரி 12 அன்று டிராய் செய்த திருத்தங்களில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. புகார் செய்ய இருந்த 3 நாள் கெடு 7 நாளாயிற்று. பதியாத அழைப்பாளர்மீது நடவடிக்கை எடுக்கத் தொலைத்தொடர்பு நிறுவனத்துக்கு இருந்த 30 நாள் 5 நாளாகச் சுருங்கியது. முன்பு 7 நாளில் 10 புகார் வந்தால்தான் நடவடிக்கை. இப்போது 10 நாளில் 5 புகார் போதும். முதல் தவறுக்கு 15 நாள் வெளி அழைப்பு முடக்கம். திரும்பச் செய்தால் எல்லா இணைப்புகளும் ஓராண்டுக்குத் துண்டிப்பு. தொல்லை அழைப்புகளின் கணக்கைத் தவறாகக் காட்டும் தொலைத்தொடர்பு நிறுவனத்துக்கு 2 லட்சம் ரூபாயில் தொடங்கி 10 லட்சம் வரை அபராதம். டிஎன்டியில் பதியாதவரும் இனி புகார் செய்யலாம்.

அந்த ஐந்து என்ற எண்ணை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. தொல்லை தாங்காமல் எண்ணை பிளாக் செய்துவிட்டு வேலையைப் பார்க்கப் போகிறோம். அதனால் நம் போன் மட்டும் அமைதியாகும். அதே எண் அடுத்த நிமிடம் இன்னொரு வீட்டில் அடிக்கும். பிளாக் செய்வதற்கு முன் ஒரு நிமிடம் ஒதுக்கி, டிராயின் டிஎன்டி செயலியிலோ 1909-க்கு எஸ்எம்எஸ் வழியாகவோ எண்ணையும் தேதியையும் சேர்த்துப் புகார் பதிந்தால், அந்த ஐந்தில் ஒன்று நிறைகிறது.

வந்த எண்ணையும் கவனிக்கலாம். விளம்பரத்துக்கு 140, கணக்கு தொடர்பான அழைப்புக்கு 1600 என்று வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி 2025 ஜனவரியில் சொல்லிவிட்டது. வங்கியிலிருந்து பேசுகிறேன் என்று சாதாரண 10 இலக்க எண்ணிலிருந்து யாராவது அழைத்தால், பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்ள அந்த ஒரு காரணமே போதும். வீட்டில் இருக்கும் பெரியவர்களுக்கு இதை ஒரு முறை சொல்லிவைக்க வேண்டும்.

வாட்ஸ்அப் அழைப்புகளுக்கு இந்த விதிகள் பொருந்தாது. அவற்றைச் செயலியிலேயே ரிப்போர்ட் செய்ய வேண்டும். மோசடி என்று சந்தேகம் எழுந்தால், வந்த வழி எதுவானாலும், தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தின் ‘சக்ஷு’ பகுதியில் தெரிவிக்கலாம். பணமே போய்விட்டதென்றால் 1909-ஐ மறந்துவிட்டு, அந்த நொடியே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழைக்க வேண்டும்.